12-ஆம் விலக்கு: போதை மீட்பு மாத்திரைக்குக் காப்பீடு ஏன் வருவதில்லை?

என்னுடைய மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பாலிசி நாற்பது சொச்சம் பக்கம். ஆபீஸில் கோட் ரிவ்யூ செய்கிற பழக்கத்தில் அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். யாரும் செய்யாத வேலை என்று எனக்கே தெரியும். தேடியது ஒரே விஷயம்தான்: ஓபியாய்டு அடிமைத்தனத்துக்கு மருந்து வைத்தியம் பார்த்தால் இது பணம் தருமா? பதில், விலக்குகள் பட்டியலில் 12-ஆம் எண்ணில் இருந்தது. குடி, போதைப்பொருள், வேறு எந்த அடிமைப் பழக்கமாக இருந்தாலும் சரி, அதற்கான சிகிச்சைக்கும் அதன் விளைவுகளுக்கும் பணம் கிடையாது.

ஓபியாய்டு என்பது அபின் குடும்பம். ஹெராயின், மார்ஃபின் மட்டுமில்லை, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற ட்ரமடால், டேபென்டடால் போன்ற வலி மாத்திரைகளும் இதில் சேர்த்தி. ட்ரமடாலை 2018-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டு வந்தார்கள். ஆனாலும் நம் ஊர்ப் பேப்பரில் "வலி நிவாரண மாத்திரைகள் பறிமுதல்" என்ற செய்தி அடிக்கடி வருகிறது. எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் ஓபியாய்டு பயன்படுத்துவோர் சுமார் 2.26 கோடி. உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் சுமார் 77 லட்சம்.

இதை நான் நோண்ட ஆரம்பித்ததற்குக் காரணம், மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை பார்க்கும், எனக்குத் தெரிந்த ஒரு அக்கா. மகன் மாத்திரைப் பழக்கத்தில் மாட்டிக்கொண்டான். "தம்பி, முதலமைச்சர் கார்டுல இதுக்கு வைத்தியம் வருமான்னு கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லுப்பா" என்றார். ஆரோவில்லில் உட்கார்ந்து லேப்டாப் தட்டுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை.

கார்டிலிருந்தே தொடங்குவோம். நம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் 2018 முதல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைத்து நடத்தப்படுகிறது. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம். ஆயுஷ்மான் பாரத் எதற்கெல்லாம் பணம் தராது என்ற சின்னப் பட்டியலில் இரண்டு இனங்கள் இருக்கின்றன: ஒன்று புறநோயாளி சிகிச்சை, இன்னொன்று போதை மறுவாழ்வு. அழகுக்காகச் செய்யும் அறுவை சிகிச்சையும் அதே பட்டியலில்தான் வருகிறது. போதையை எந்த வரிசையில் வைத்துப் பார்க்கிறார்கள் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

தனியார் பாலிசி கதை இன்னும் விசித்திரம். 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 21(4) பிரிவு, உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தருகிறீர்களோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது. சரி, மனநோய் என்றால் என்ன? அதே சட்டத்தின் 2-ஆம் பிரிவில் உள்ள வரையறை, மதுவையும் போதைப்பொருளையும் தவறாகப் பயன்படுத்துவதோடு சேர்ந்து வரும் மன நிலைகளை வெளிப்படையாகவே உள்ளே சேர்க்கிறது. ஆகஸ்ட் 2018-இல் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, இந்தச் சட்டப்படி நடங்கள் என்று கம்பெனிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. 2019 செப்டம்பரில் அதே ஆணையம் விலக்குகளுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. மனநோய்ச் சிகிச்சையை எந்தப் பாலிசியும் விலக்கக் கூடாது என்று அதில் ஓரிடத்தில் இருக்கிறது. இன்னோரிடத்தில், போதைச் சிகிச்சையை விலக்க நினைக்கும் கம்பெனி இந்த வாசகத்தைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று சொல்லி 12-ஆம் விலக்கை எழுதியே கொடுத்திருக்கிறது! ஒரே ஃபைலில் ஒரு வேரியபிளுக்கு இரண்டு மதிப்பு. என் டீமில் யாராவது இப்படி எழுதினால் மெர்ஜ் செய்ய விடமாட்டேன்.

2021-இல் ஷிகா நிஷால் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், மனநோய்க்கான க்ளெய்மை மறுத்த காப்பீட்டு நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஆனால் அது போதை பற்றிய வழக்கு இல்லை.

"தானே தேடிக்கிட்ட நோய்தானே, மத்தவங்க பிரீமியத்துல ஏன் பாக்கணும்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். முப்பது வருடம் சிகரெட் பிடித்தவருக்கு ஹார்ட் அட்டாக் வந்தால் ஸ்டென்ட் வைக்க அதே பாலிசி பணம் தருகிறது. ஹெல்மெட் போடாமல் விழுந்தவரின் எலும்பு முறிவுக்கும் தருகிறது. கெட்ட பழக்கம்தான் அளவுகோல் என்றால் அதை எல்லோருக்கும் ஒரே மாதிரி வைக்க வேண்டும்.

இதுவரை சொன்னது பாதிப் பிரச்சினைதான். 12-ஆம் விலக்கை நாளைக்கே தூக்கிவிட்டாலும் அந்த அக்காவின் மகனுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஏனென்றால் இந்த வைத்தியத்தின் முதுகெலும்பு பியூப்ரநார்ஃபின் என்ற மாத்திரை. நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விட வேண்டும். மூளையில் ஹெராயின் போய் உட்காரும் அதே இடத்தில் இதுவும் உட்காரும், ஆனால் அரைகுறையாகத்தான் தூண்டும். அதனால் கை கால் நடுக்கம், வாந்தி, உடம்பு முறிக்கிற வலி அடங்கும். ஒரு எல்லைக்கு மேல் போதை ஏறாது, மூச்சு நின்றுபோகும் ஆபத்தும் குறைவு. மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் தொடர வேண்டும். அதாவது, சுகர் மாத்திரை மாதிரி. நம் பாலிசிகளோ பெரும்பாலும் 24 மணி நேரம் அட்மிட் ஆனால்தான் அசைந்து கொடுக்கும். "உடல் நோய்க்குச் சமமாக" என்று சட்டம் சொல்லும் அந்தச் சமத்துவத்தைக் கொடுத்தாலும், சுகர்காரருக்கு மாத்திரைக்குக் கிடைக்கும் அதே பூஜ்யம்தான் இவருக்கும் கிடைக்கும். படுக்கைக்குத்தான் பணம், மாத்திரைக்கு இல்லை.

சரி, கைக்காசு போட்டு வாங்கலாமா? 2022-இல் மத்திய அரசு திருத்தி வெளியிட்ட அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் பியூப்ரநார்ஃபினைச் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே சேர்த்துவிட்டது. ஆனால் போதை மீட்புக்கான பியூப்ரநார்ஃபின்-நலாக்ஸோன் கூட்டு மாத்திரையை அங்கீகரிக்கப்பட்ட மையங்களுக்கு மட்டுமே சப்ளை செய்யலாம் என்பது விதி. தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் கிடைக்காது. அடிமையாக்குகிற மாத்திரை எளிதாகக் கிடைக்கிறது, மீட்கிற மாத்திரைக்குத்தான் இத்தனை பூட்டு.

இலவசமாகவும் ஒரு வழி உண்டு. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 2007-ஐ ஒட்டிய வருடங்களிலிருந்து இந்த மாற்று மருந்துச் சிகிச்சையை நடத்துகிறது. ஆனால் அது எச்ஐவி பரவலைத் தடுக்க வந்த திட்டம் என்பதால் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கானது. மாத்திரையை விழுங்குகிறவர் அதற்குள் வரமாட்டார். அவரும் ஊசிக்கு மாறினால் தகுதி வந்துவிடும். இப்படி ஒரு விதி இருப்பதே கொடுமை.

ஆரோவில்லில் பிரெஞ்சுக்காரர்கள் நிறைய. அவர்கள் நாட்டில் 1996 முதல் சாதாரணக் குடும்ப டாக்டரே பியூப்ரநார்ஃபின் எழுதலாம், பக்கத்துப் பார்மசியில் வாங்கலாம், அரசுக் காப்பீடு பணம் தரும். 1995-க்கும் 1999-க்கும் இடையில் அங்கே ஓவர்டோஸ் சாவுகள் 79 சதவீதம் குறைந்தன. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் பஞ்சாபைப் பார்க்கலாம். 2017-இல் தொடங்கிய புறநோயாளி கிளினிக்குகளில் இந்த மருந்தை இலவசமாகத் தருகிறார்கள். விழுங்குகிறவர், ஊசி போடுகிறவர் என்ற பேதம் அங்கே இல்லை.

தமிழ்நாட்டுக்கு இது தெரியாத வித்தையும் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிறோம். 2025-இல் 25 அரசு மருத்துவமனைகளில் "கலங்கரை" என்ற பெயரில் போதை மீட்பு மையங்களைத் திறந்திருக்கிறோம். கட்டடம் வந்துவிட்டது. அங்கிருந்து மாத்திரை ஆளைத் தேடிப் போக வேண்டும் என்பதுதான் என் வாதம். மரக்காணத்திலிருந்து புதுச்சேரி முப்பது கிலோமீட்டருக்கு மேல். தினமும் ஈசிஆரில் பஸ் ஏறிப் போய் டாக்டர் கண்ணெதிரே மாத்திரை போட வேண்டுமென்றால், மருந்து இலவசம், அன்றைய கூலி காலி. கொரோனா காலத்தில் பல நாள் மாத்திரையை வீட்டுக்கே கொடுத்தனுப்ப எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது. நிலைமை சீரானவர்களுக்கு அதையே வழக்கமாக்கலாம்.

இதே மரக்காணம் பக்கத்தில், எக்கியார்குப்பத்தில், 2023 மே மாதம் விஷச் சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். குடும்பத்துக்கு 10 லட்சம் அரசு கொடுத்தது. கொடுக்க வேண்டியதுதான், அதில் குறை சொல்லவில்லை. ஆனால் போதையில் செத்தவர் வீட்டுக்கு 10 லட்சம் எடுக்க முடிகிற ஊரில், சாகாமல் மீள நினைப்பவரின் மாத்திரைக்கு அந்தக் கார்டில் பணம் இல்லை.

அந்த அக்காவிடம் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன், யாருக்காவது பயன்படும். தேசிய போதை மீட்பு உதவி எண் 14446, இலவசம். மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. ஜிப்மர் மனநலத் துறையில் போதை மீட்புச் சிகிச்சை உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் பிடிக்கும் என்று பயந்தே பலர் போவதில்லை. போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைப்பொருள் பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவில் வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமை நோயாளி, தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் சிகிச்சை எடுத்தால் அந்தக் குற்றத்துக்காக வழக்கு நடத்தப்படாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் இந்தப் பாதுகாப்பைத் திரும்பப் பெறலாம், அதையும் அந்தப் பையனிடம் சொல்லியிருக்கிறேன்.