நம்பும்படி இருக்கா என்று கேட்பது யார்?

பிரபு சாலமன் எடுத்த ‘கயல்’ 2014 டிசம்பர் 25ஆம் தேதி வந்தது. ஆழிப்பேரலை அடித்து மறுநாளோடு பத்து வருஷம் முடிகிற கணக்கு. ஊர் சுற்றும் ஒரு பையன், பெரிய வீட்டில் வேலை செய்யும் ஒரு பெண், அவனைத் தேடி அவள் கன்னியாகுமரிவரை போவது, கடைசியில் கடல் ஊருக்குள் வருவது. இதுதான் கதை. அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவிலிருக்கும் எங்கள் வறண்ட காட்டில், இதை டிவியில் போடும்போதெல்லாம் ஒரு வழக்கு கிளம்பும். கண்மாய் நிறைந்து பார்ப்பதே அரிதான ஊரில் கடலலையின் உயரத்தைப் பற்றிச் சண்டை.

“அலை அப்படிச் செவரு மாதிரியாண்ணே வரும்? எல்லாம் கம்ப்யூட்டர்ல செஞ்சது.”

“ஏன், கொளச்சல்ல வரலையா?”

“சரி, அது கெடக்கட்டும். பாத்துப் பழகாதவனுக்காக ஒரு பொம்பளப்புள்ள தனியா அம்புட்டுத் தூரம் போவாளாக்கும்? நம்பும்படியா இருக்கு?”

துப்புரவு வேலை பார்த்து ஓய்ந்த ஒரு பெரியம்மா கேட்டது வேறு கேள்வி. “அம்புட்டுப் பொணத்தையும் அள்ளுனது யாருப்பா? அத எவனாச்சும் கேட்டீகளா?”

தலித் விமர்சனம் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

ஒரு படம் நடந்ததைச் சரியாகச் சொல்கிறதா, நடக்கக்கூடியதைச் சொல்கிறதா என்று கேட்பதில் தப்பே இல்லை. அதை எதன்மேல் கேட்கிறோம், எதன்மேல் கேட்காமல் விடுகிறோம் என்பதில்தான் அரசியல் இருக்கிறது. திருச்சுழித் தலபுராணத்திலும் ஒரு பேரழிவு உண்டு. பிரளய வெள்ளத்தைச் சிவன் சூலத்தால் குத்தித் துளைபோட்டு, சுழித்துப் பூமிக்குள் இறங்க வைத்தார் என்பது கதை. ஊருக்குப் பேர் வந்ததே அதனால்தான் என்கிறார்கள். அந்த வெள்ளம் நம்பும்படி இருக்கா என்று எவரும் மல்லுக்கு நின்று நான் பார்த்ததில்லை. கோயில் சொன்னால் வரலாறு, வேலைக்காரப் பெண் பஸ் ஏறினால் மட்டும் கட்டுக்கதை!

நம் ஊரில் மட்டும் இப்படி இல்லை. 1997இல் வந்த ஜேம்ஸ் கேமரூனின் ‘டைட்டானிக்’ படத்தைப் பற்றி உலகமே வழக்காடுகிறது. மிதந்த பலகையில் இரண்டு பேருக்கும் இடம் இருந்ததா என்ற சண்டை ஓயவில்லை. வானத்தில் நட்சத்திரங்கள் இடம் மாறியிருக்கின்றன என்று வானியலாளர் நீல் டிகிராஸ் டைசன் குறை சொன்னார். 2012இல் மறுபடி வெளியிட்டபோது கேமரூன் திருத்திக் காட்டினார். நட்சத்திரத்தைத் திருத்தலாம். ஏறாத சாட்சியத்தை என்ன செய்வது? 1912 ஏப்ரலில் கப்பல் மூழ்கியபோது முதல் வகுப்பில் நூற்றுக்கு 62 பேர் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்பில் 25 பேர்தான். ஆனாலும் மூன்றாம் வகுப்புக்காரருக்குப் பாரபட்சம் நடக்கவில்லை என்று பிரிட்டிஷ் விசாரணை முடித்தது. மூன்றாம் வகுப்பில் வந்து பிழைத்த ஒருவரைக்கூட அந்த விசாரணை சாட்சிக்கு அழைக்கவில்லை. உடல்களை எடுக்கப் போன மெக்கே-பென்னட் கப்பல் 306 உடல்களை எடுத்தது. முதல் வகுப்பு உடலுக்குச் சவப்பெட்டி, கீழ் வகுப்பு உடலுக்குக் கித்தான். 116 உடல்களைத் திரும்பவும் கடலிலேயே இறக்கினார்கள். பெரும்பாலும் மூன்றாம் வகுப்புக்காரர்களும் கப்பல் தொழிலாளர்களும்தான் அவர்கள்.

‘நம்பும்படி இல்லை’ என்ற சொல்லுக்கு நம்மிடம் இதைவிடக் கொடிய வரலாறு உண்டு. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தது. இத்தனை நிலம் உள்ளவர்கள், கார் வைத்திருக்கிறவர்கள், கூலியாட்களை ஏவாமல் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்பது தீர்ப்பு காட்டிய காரணங்களில் ஒன்று. டீக்கடையில் பொழுதுபோக்காகக் கேட்கிற அதே கேள்விதான். நீதிமன்றத்தில் அது 44 உயிரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது.

அதே நாகைக் கரையில்தான் 2004 டிசம்பர் 26 வந்தது. தமிழ்நாட்டில் செத்த ஏறக்குறைய 8,000 பேரில் சுமார் 6,000 பேர் நாகப்பட்டினம் மாவட்டத்துக்காரர்கள். பெரும்பாலும் மீனவ மக்கள், அவர்கள் பட்ட இழப்பு சாமானியமல்ல. ஆனால் பெரியம்மா கேட்டதற்கான பதிலும் அங்கேதான் இருக்கிறது. வெளியூர் நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்து இறக்கி, அழுகிய உடல்களை எடுக்க வைத்தார்கள். பெரும்பாலும் தலித்துகள். நிவாரண முகாம்களில் சேரி மக்கள் ஒதுக்கப்பட்டதையும், பொதுத் தண்ணீரைத் தொடவிடாததையும் மனித உரிமை அமைப்புகள் 2005லேயே பதிவு செய்தன. படகுக்கும் வலைக்கும் இழப்பீடு போட்டார்கள். மீன் சுமந்தவருக்கும், உப்பேறிய வயலில் கூலி வேலை பார்த்தவருக்கும் போச்சென்று காட்டப் படகு இல்லை. கடலுக்குச் சாதி தெரியாது என்று அப்போது நிறையப் பேர் எழுதினார்கள். கரைக்குத் தெரிந்திருந்தது.

இனி அந்தக் காதல். தனியாக ஒரு பெண் போவாளா என்கிறார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பதினாறு, பதினேழு வயதில் துணிப் பையோடு மில் விடுதிக்குப் பஸ் ஏறுகிறார்கள். அதை நம்புகிறோம். கூலிக்குத் தனியாகப் போகலாம், ஆசைப்பட்டுப் போனால் மட்டும் நம்ப முடியாதா? பெண்ணின் ஆசையை நம்ப மறுப்பதற்கும் அதைத் தண்டிப்பதற்கும் நடுவில் அதிக தூரமில்லை. 2003இல் விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில், சாதி மாறிக் காதலித்து மணந்த இரண்டு பேரை விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். தீர்ப்பு வர 2021 ஆயிற்று. நம் பக்கத்துக் காதலுக்குப் பேரழிவு கடலிலிருந்து வர வேண்டியதில்லை, சொந்த ஊருக்குள்ளிருந்தே வருகிறது. ‘கயல்’ ஒரு வேலைக்காரப் பெண்ணின் ஆசையைக் கதையின் நடுவில் வைத்தது, அந்தமட்டுக்குச் சந்தோஷம். ஆனால் பழியை அலையின் தலையில் போடுகிற கதை எல்லாருக்கும் சௌகரியமானது.

தோழர்களே, அலையின் உயரத்தை அளந்து சொல்ல ஆட்கள் உண்டு. அன்று உடல்களை எடுத்த கைகள் பலவும் இன்னும் நம் சேரிகளில்தான் இருக்கின்றன. வயசாகிக்கொண்டிருக்கிறது. அவர்கள் எங்கே படுத்தார்கள், எதைத் தின்றார்கள், என்ன கூலி வாங்கினார்கள், வீடு திரும்பிய பின் எத்தனை நாள் சோறு இறங்கவில்லை என்பதையெல்லாம் அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதி வைக்க வேண்டும். அது கையில் இருந்தால்தான், அடுத்த சுனாமிப் படத்தைப் பார்த்து ‘இது நெசமா’ என்று நாம் கேட்க முடியும்.