பின் அக்சிலும் ஒரு நூற்கண்டும்

சில்லு நேர் பார்ப்பதென்றாலே எல்லாருக்கும் முன்சில்லுதான் நினைவுக்கு வரும். ஸ்டியரிங் அங்கேதான், திருகிச் சரிசெய்யும் இடமும் அங்கேதான். ஆனால் கார் போகும் திசையைத் தீர்மானிப்பது பின் அக்சில். அது கோணி நின்றால் கார் நண்டு நடை நடக்கும். ஓட்டுபவர் ஸ்டியரிங்கைச் சற்றே ஒடித்துப் பிடித்தபடி நேராகப் போய்க்கொண்டிருப்பார். மலைநாட்டில் இன்னும் கண்ணில் படும் மோரிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த கார் அது. அதன் பின் அக்சிலில் நேர் பார்க்கத் திருகே கிடையாது. இரண்டு பட்டை ஸ்பிரிங், யூ போல்ட்டுகள், அக்சில் மேடையின் குழியில் உட்காரும் நடு போல்ட்டின் தலை, ரப்பர் புஷ், அவ்வளவுதான். திருகில்லாத இடத்தில் நேரைக் கண்டுபிடித்து நிறுத்துவதுதான் இந்தக் கைவினையின் அழகு.

அதற்குப் போதுமான கருவி நூல். முன்சில்லுகளை நேராக நிறுத்தி, ஒரே தடிப்புள்ள மரத்துண்டுகளால் பின் டயரிலிருந்து நூலை விலக்கி, இருபுறமும் முன்சில்லு வரை இழுத்துக் கட்டவேண்டும். பின்சில்லுகளில் ஒன்று 3 மில்லிமீற்றர் முன்னே நின்றால், 2,184 மில்லிமீற்றர் வீல்பேஸ், அதாவது முன் பின் சில்லு மையங்களுக்கு இடையிலான தூரம், கொண்ட மைனரில் முன்னே வரும்போது நூல் சுமார் 5 மில்லிமீற்றர் பக்கம் சாய்ந்திருக்கும். ஒருபுறம் இடைவெளி 5 கூடி மறுபுறம் 5 குறைவதால் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் 10. சின்னப் பிழையை நூலே பெரிதாக்கிக் காட்டுகிறது. ஆனால் அக்சில் கோணாமல் பக்கவாட்டில் நகர்ந்திருந்தாலும் இடைவெளி மாறும். இருபுறமும் வீல்பேஸை அளந்தால்தான் எது நோய் என்று புரியும். கோணல்தான் என்றால், தளர்ந்த யூ போல்ட்டையும் குழியில் ஆடித் தேய்ந்த நடு போல்ட்டையும் பார்க்கவேண்டும். புஷ்ஷை மாற்றினால், வண்டியின் பாரம் சில்லுகளில் இறங்கிய பின்பே அதன் போல்ட்டை இறுக்கவேண்டும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கேறி நிற்கும்.

கம்ப்யூட்டர் எலைன்மென்ட் வந்தபின் நூல் எதற்கு என்று கேட்கலாம். மெஷின் கோணத்தைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. பின்பக்கம் திருகுள்ள புதிய கார்களிலும் முதலில் பின்சில்லைச் சரிசெய்து, அந்த நேருக்கே முன்சில்லை இணக்குகிறார்கள், தத்துவம் மாறவில்லை. மெதுவாக ஊரும் மலைப்பாதையில் சில மில்லிமீற்றரால் என்ன என்பது இன்னொரு கேள்வி. ஹட்டனிலிருந்து தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியா போகும் பாதையில் வேகம் குறைவுதான், வளைவு ஓயாது. அக்சில் கோணிய கார் இடப்பக்க வளைவில் ஒரு மாதிரியும் வலப்பக்கத்தில் வேறு மாதிரியும் திரும்பும். மழை நனைத்த தாரில் அந்த வேறுபாடு ஆபத்து. இரு பின்சில்லும் ஒரே அக்சிலில் சமாந்தரமாகவே நிற்பதால் டயர் தேய்ந்தும் பிழையைக் காட்டிக்கொடுக்காது. ஸ்பிரிங் மாட்டும் இடமே துருப்பிடித்துப் போயிருந்தால், நூலால் நோயைக் காட்டத்தான் முடியும். பிறகு வெல்டிங்காரரின் வேலை. அந்த எல்லை தெரிந்து, யூ போல்ட்டை இறுக்கினால் தீருமா, தகட்டை வெட்டி ஒட்டவேண்டுமா என்று பிரித்துச் சொல்பவரையே தேர்ந்த மெக்கானிக் என்பேன்.