ரப்பர் ஸ்டாம்ப் விழுந்த இசைத்தட்டு

சங்ககிரியில் லாரிப் பட்டறைகளின் சத்தம் அடங்குவது ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல்தான். அந்த நேரத்தில், கோட்டை மலை தெரிகிற ஒரு மாடி அறையில் நாங்கள் ஆறேழு பேர் கூடுவோம். ஒருவர் லாரி எலெக்ட்ரீசியன். ஒருவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். இருவர் சொந்த வண்டி ஓட்டுகிறவர்கள். ஆளுக்கொரு துணிப்பை, அதற்குள் அந்த மாதம் வாங்கிய இசைத்தட்டு. "இந்த வாட்டி என்னங்க சிக்குச்சு?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். பைகள் திறக்கும். அட்டை கைமாறும். தட்டை உருவி, வெளிச்சத்தில் சாய்த்து, கீறல் பார்ப்பார்கள். பிறகு விலை. பாட்டு ஒலிப்பதற்குள் பல நாள் இருட்டிவிடும்.

புதிதாக வாங்கிய ஆல்பத்தை ஒருவருக்கொருவர் காட்டி மகிழ்வது ஜாஸ் ரசிகர்களிடம் ஊறிப்போன பழக்கம். எங்களுடையது அதற்குச் சொந்தக்காரப் பழக்கம்தான். அவர்களுக்கு ப்ளூ நோட், கொலம்பியா தட்டுகள் என்றால் எங்களுக்கு எச்.எம்.வி., இன்ரெகோ, எக்கோ. இந்தப் பழக்கத்தால் நான் அடைந்தது மிக அதிகம். அதனாலேயே அதில் எனக்கு உறுத்துவதையும் சொல்லியாக வேண்டும் என்று தோன்றுகிறது.

முதலில் ஜாஸ் ரசிகர்கள் பக்கத்தைப் பார்க்கலாம். ஜாஸ் எல்.பி.யின் பின்னட்டையில் ட்ரம்பெட் யார், சாக்ஸஃபோன் யார், பேஸ் யார், டிரம்ஸ் யார் என்று எல்லாப் பெயரும் இருக்கும். மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' (1959) வாங்கிய ஒருவர் அதில் ஜான் கோல்ட்ரேனையும் பில் எவன்ஸையும் பார்ப்பார். அடுத்த மாதம் கோல்ட்ரேனின் தட்டு, அதிலிருந்து மெக்காய் டைனரின் பியானோ என்று போய்க்கொண்டே இருப்பார். அவர் தன் பையைத் திறந்து காட்டும்போது எதிரில் இருப்பவருக்கு ஒரு வழி கிடைக்கிறது. ப்ளூ நோட் தட்டுகளில் பாட்டு முடிந்து மையத்தை நோக்கிப் போகும் வெற்றிடத்தில் ஆர்.வி.ஜி. என்ற மூன்று எழுத்து பொறித்திருந்தால், அது ரூடி வான் கெல்டர் கைப்பட்டது என்று பொருள். ரசிகர்கள் அதைத் தடவிப் பார்த்தே பதிப்பைச் சொல்லிவிடுவார்கள். 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வின் முதல் பக்கம், ஒலிப்பதிவு செய்த கருவியின் வேகக் கோளாறால் பல்லாண்டுகள் சற்றே ஏறிய சுருதியில்தான் விற்றது. 1990களில் வந்த மறுபதிப்புகளில்தான் அது சரியானது. ஒரே ஆல்பத்தை இரண்டு மூன்று பதிப்புகளில் வாங்கும் ஆட்களை எங்கள் வீட்டார் பைத்தியம் என்பார்கள். ஆனால் பதிப்புக்குப் பதிப்பு வைத்துக் கேட்டால்தான் இப்படிப்பட்ட வேறுபாடு காதில் படும்.

வாசித்தவர் பெயரைச் சொல்லும் விஷயத்தில் நம் திரைப்பாட்டுத் தட்டு ஊமை. படத்தின் பெயர், இசையமைப்பாளர், பாடியவர், எழுதியவர், அவ்வளவோடு சரி. 'அன்னக்கிளி' (1976) தொடங்கி இளையராஜாவின் எத்தனையோ தட்டுகளைப் புரட்டியிருக்கிறேன். கிடார் சதானந்தம், டிரம்ஸ் புருஷோத்தமன், கீபோர்டு விஜி மேனுவல், பேஸ் கிடார் சசிதரன், புல்லாங்குழல் நெப்போலியன் என்று இந்தப் பெயர்களை எந்த அட்டை எனக்குச் சொல்லிக்கொடுத்தது? ஒன்றும் இல்லை. ரசிகர்கள் வாய்வழியாகச் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். படங்களுக்கு வெளியே வந்த 'ஹவ் டு நேம் இட்' (1986) ஆல்பத்தில் வி.எஸ். நரசிம்மனின் வயலின் முன்னால் நிற்கிறது. 'நத்திங் பட் விண்ட்' (1988) ஆல்பத்தில் ஹரிபிரசாத் சௌராசியாவின் குழல். இவை விதிவிலக்கு. மற்றபடி ஒரு பாட்டுக்கு உயிர் கொடுத்த முப்பது நாற்பது கைகள் அட்டைக்கு வெளியேதான் நின்றன.

அதனால், வாங்கியதைக் காட்டும் பழக்கம் ஜாஸ்காரர்களைவிடத் தமிழ் ரசிகர்களுக்குத்தான் அதிகம் தேவை என்பேன். அட்டை சொல்லாததைக் காட்டுகிறவர்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் ஆசிரியர் ஒருமுறை இரண்டு 78 சுழற்சித் தட்டுகளைக் கொண்டுவந்தார். அந்த அரக்குத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் பிடிக்கும். நீளமான பாட்டை இரண்டாகப் பிளந்து, பாதியை இந்தப் பக்கமும் மீதியை மறுபக்கமுமாக வைத்திருந்தார்கள். படத்தில் கேட்டதும் தட்டில் கேட்டதும் ஒன்றல்ல என்று எனக்கு உறைத்தது அன்றைக்குத்தான். பழைய படங்களில் தட்டுக்காகப் பாட்டைக் குறுக்கியும், தனியாகப் பாடவைத்தும் பதிந்திருக்கிறார்கள். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எங்களுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய நிறுவனம். 'மந்திரி குமாரி' (1950) அங்கே உருவான படம், இசை ஜி. ராமநாதன். அந்தக் காலப் படங்களில் பிரதி சிதைந்தவற்றுக்கும், பிரதியே இல்லாமல் போனவற்றுக்கும் பாட்டுத் தட்டுதான் மிச்சமிருக்கும் சாட்சி. அந்தச் சாட்சியை ஒருவர் தன் பீரோவில் வைத்திருக்கிறார் என்பதே, அவர் காட்டினால்தானே ஊருக்குத் தெரியும்?

இவ்வளவு நன்மை இருக்கிறது. இனி உறுத்தல்.

போன ஆண்டு, குமாரபாளையத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் எண்பதுகளின் எல்.பி. ஒன்று எனக்குக் கிடைத்தது. அட்டையின் முன்பக்கத்தில் நீல மையில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப். ஏதோ ஒரு சவுண்ட் சர்வீஸின் பெயர், ஊர் பெயர், கீழே கையால் எழுதிய எண் 114. தட்டின் நடுவே ஒட்டியிருந்த காகிதத்தில், ஐந்து பாடல்களில் இரண்டுக்குப் பேனாவால் டிக் அடித்திருந்தது. ஒரு சோகப் பாட்டுக்குப் பெருக்கல் குறி. கொண்டுபோய்க் காட்டினேன். கூட்டத்தில் ஒருவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "அட்டை கெட்டுப்போச்சுங்க, தட்டும் தேஞ்சுருக்கு. நல்ல பிரதியா பார்த்து வாங்கியிருக்கலாம்ல?" என்றார். அன்போடுதான் சொன்னார். மின்ட், வி.ஜி. பிளஸ் என்ற தர அளவில் என் தட்டு கடைசிப் படியில் இருந்தது உண்மைதான்.

ஆனால் அந்தப் பெருக்கல் குறியை யார் போட்டது என்று யோசியுங்கள். சேலம், நாமக்கல் சீமையில் ஒருகாலத்தில் வீட்டில் ரெக்கார்டு பிளேயர் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். இசைத்தட்டு ஊருக்கு வந்தது மைக் செட்காரர் மூலமாக. கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பண்டிகை என்றால் வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் ஏறும். தகரப் பெட்டியில் தட்டுகள் வரும். எந்தப் பாட்டுக்குப் பந்தலில் கூட்டம் சேரும், எதைக் கல்யாண வீட்டில் போட்டால் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று அவருக்குத் தெரியும். டிக்கும் பெருக்கலும் அந்த அறிவு. ஒரு தட்டை அவர் ஆயிரம் பேருக்குக் கேட்கவைத்தார். அந்த முள் தேய்த்த தேய்மானம் அத்தனையும் இந்த மண்ணின் காதுகள் கேட்ட கணக்கு. கீறல் இல்லாத தட்டு பெரும்பாலும் யாரும் அதிகம் கேட்காத தட்டு. நம் தர அளவு அதற்குத்தான் அதிக மதிப்பெண் தருகிறது.

இந்த அளவுகோல் வெளியிலிருந்து வந்தது என்பதை மறந்துவிட்டோம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தட்டு பெரும்பாலும் வீட்டுக்குள் கேட்கும் பொருள். ஒரு சோபா, ஒரு பிளேயர், ஒரு குடும்பம். அங்கே அட்டையில் கிறுக்கல் என்றால் சேதம்தான். இங்கே அதே கிறுக்கல் ஆவணம். சேகரிப்பாளர்கள் சிலர் ஸ்டாம்ப் விழுந்த அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, புது அட்டையை அச்சடித்து மாட்டுகிறார்கள். கேட்கும்போதே எனக்கு நெஞ்சு பதறுகிறது.

லாரிக்காரர் ஊரில் இருந்துகொண்டு கேசட்டைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. எண்பதுகளில் கடைத்தெருவில் ரெக்கார்டிங் சென்டர்கள் இருந்தன. எல்.பி.யும் இ.பி.யும் அலமாரி நிறைய அவர்களிடம் இருக்கும். நாம் ஒரு தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொடுத்தால் அறுபது நிமிடக் கேசட்டிலோ தொண்ணூறிலோ பதிந்து தருவார்கள். காப்புரிமைச் சட்டப்படி அது தவறு. பாட்டுக்காரருக்கும் இசைக்காரருக்கும் அதில் ஒரு பைசா போகவில்லை. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் லோடு ஏற்றிப் போனவர்கள் கேபினில் கேட்டது அந்தப் பட்டியல்களைத்தான். டிரைவர் ஒருவர் தன் பட்டியலை இன்னொருவருக்குக் காட்டுவார். "இந்த வரிசை தூக்கத்தைக் கலைக்குமுங்க" என்பார். அங்கேயும் பகிர்தல் இருந்தது. ஆனால் பேச்சு எதைக் கேட்டோம் என்பதில் இருந்தது. எவ்வளவுக்கு வாங்கினோம் என்பது அதில் வராது.

அதற்கும் முன்னால் இலங்கை வானொலி. நேயர் விருப்பம் கேட்டு அஞ்சலட்டை போட்டவர்கள் எங்கள் ஊர்ப்பக்கமும் உண்டு. தட்டு கொழும்பில் இருக்கும், பெயரும் ஊரும் காற்றில் வரும். ஒரு பாட்டைச் சொந்தமாக்கிக்கொள்ள அதை வாங்க வேண்டும் என்ற எண்ணமே அன்றைக்கு இல்லை.

இப்போதைய பழக்கம் அந்த நிலையை மாற்றிவிட்டது. கையில் பை இல்லாமல் வருகிறவருக்குப் பேச ஒன்றுமில்லாமல் போகிறது. எங்கள் எலெக்ட்ரீசியனுக்கு இளையராஜாவின் பேஸ் கிடார் வரிகள் மனப்பாடம். வாயாலேயே வாசித்துக் காட்டுவார். இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கிற மனிதர், தட்டு வாங்குவது எப்போதாவதுதான். வாங்காத மாதங்களில் அவர் வருவதைக் குறைத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்கு, "சும்மா வந்து என்னங்க பண்றது" என்றார். அந்த அறையிலேயே நன்றாகக் கேட்கத் தெரிந்த காது அது. விலையைப் பேசிப் பேசி அதை நாங்களே வெளியே அனுப்பியிருக்கிறோம்.

விலையும் இந்தக் காட்டலோடு சேர்ந்தே ஏறுகிறது. ஒருவர் ஒரு தட்டைப் புகழ்ந்து பேசினால் அடுத்த வாரம் பழைய சாமான் கடைக்காரர் அதற்குத் தனி விலை வைக்கிறார். அதனால் ஒரு நன்மையும் உண்டு: உருக்கவும் உடைக்கவும் போன தட்டுகள் இன்று தப்பிக்கின்றன. குமாரபாளையத்துக் கடைக்காரர் என்னிடம் 114ஆம் எண் தட்டை எடுத்துக் கொடுத்ததே, யாரோ இதைத் தேடுகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்ததால்தான். ஆக, விலையை ஒரேயடியாகத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் வாங்கிய தட்டைக் கேட்காமலே அடுத்ததற்குப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. வண்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் மும்பை சோர் பஜாரிலிருந்து சக்தி குழுவின் முதல் ஆல்பத்தை (1976) வாங்கிவந்தார். ஜான் மெக்லாலின் கிடார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, ராம்நாடு ராகவன் மிருதங்கம், விக்கு விநாயகராம் கடம். உலக ஜாஸ் ரசிகர்கள் தங்கள் அலமாரியில் பெருமையாக வைத்திருக்கும் தட்டில் ஒரு மண்பானை ஒலிக்கிறது. எங்கள் அறையில் அது நான்கு ஞாயிறு கைமாறியது. நான்கு ஞாயிறும் அட்டையைத்தான் பார்த்தோம். ஐந்தாவது வாரம் ஆசிரியர் கொஞ்சம் கடுமையாகவே, "முள்ளை வைங்கப்பா" என்றார். முதல் பக்கம் முடிந்தபோது யாரும் பேசவில்லை. நான்கு வாரம் பேசிய பேச்சில் அந்தக் கடத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் பட்டது.

சேகரிப்பு இப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் பல்லாயிரம் 78 சுழற்சித் தட்டுகளைச் சேர்த்தார். சேர்த்ததோடு நிற்காமல் எழுதினார், பேசினார், பழைய பாடல்களின் தொகுப்புகள் வெளிவரத் துணைநின்றார். மும்பையில் 1990இல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் தன் இதழில் தட்டுப் பட்டியல்களை அச்சிட்டது. அவர்களும் வாங்கியதைக் காட்டியவர்கள்தான். காட்டியதை எழுதிவைத்தார்கள் என்பதுதான் வித்தியாசம். எங்கள் அறையில் சொல்லப்பட்டவை அறையோடு போகின்றன. சேகரித்தவர் கண்மூடியதும் வீட்டார் மொத்தத்தையும் கிலோ கணக்கில் போடுவதை இந்தப் பக்கம் இரண்டு முறை பார்த்துவிட்டேன். தட்டு எங்கேயாவது இன்னொரு கைக்குப் போகும். எந்தப் பாட்டில் யார் வாசித்தார் என்று அவர் தலையில் வைத்திருந்தது யார் கைக்கும் போகாது.

இந்த ஆடி மாதத்திலிருந்து ஒரு நீளக் கணக்கு நோட்டு வைத்திருக்கிறோம், லாரி ஆபீஸில் டிரிப் கணக்கு எழுதுவார்களே, அந்த மாதிரி. தட்டு எண், வெற்றிடத்தில் பொறித்த எழுத்து, வாசித்தவர் பெயர் தெரிந்தவரை, எங்கே தாவுகிறது, யார் கையிலிருந்து வந்தது. விலைக்குக் கட்டம் போடவில்லை. தட்டு வாங்காதவரும் எழுதலாம், கேட்டிருந்தால் போதும். எலெக்ட்ரீசியனை வீட்டுக்கே போய் அழைத்துவந்தோம். முதல் பதிவு 114. அட்டையில் நீல ஸ்டாம்ப், டிக் இரண்டு, பெருக்கல் ஒன்று. டிக் அடித்த இரண்டாவது பாட்டைப் போட்டுக் கேட்டோம். சரணத்துக்கு முன்னால் முள் ஓரிடத்தில் தாவியது. தாவலில் விழுங்கிப்போன பேஸ் வரியை அவர் வாயாலேயே நிரப்பினார். நான் நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.