பதிவேட்டில் உறைந்த ஊர்: நேட்டால் தமிழ் வழித்தோன்றல்களும் மாறும் மரபும்

முன்னுரை

புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகள் பலவும் ‘இழப்பு’ என்னும் ஒற்றை அளவுகோலைக் கையாள்கின்றன. தாயக மரபு மாறாதது, அயலகத்துப் பிள்ளைகளே அதிலிருந்து விலகினர் என்பது அவற்றின் அடிப்படைக் கருத்து. இது பொருந்துமா என்பதை நேட்டால் தமிழரையும் ஆலங்காயத்தையும் இணைத்து நோக்கி இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

ஊர்

1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளருடன் டர்பனை அடைந்தது. இம்முறை முடிவுற்ற 1911 வரை 1,52,184 பேர் நேட்டாலுக்குச் சென்றனர். வடஆற்காடு அவர்களை மிகுதியாக அனுப்பிய மாவட்டங்களுள் ஒன்று. ஒவ்வொருவரின் பெயர், தந்தை பெயர், சாதி, மாவட்டம், ஊர் ஆகியவை கப்பற்பதிவேட்டில் எழுதப்பட்டன. வேர்தேடும் வழித்தோன்றல்களுக்கு இன்று அதுவே முதன்மைச் சான்று.

ஆயினும் பதிவேடு காட்டும் ஊர் அவ்வாறே நிற்கவில்லை. 1911க்கு முன் ஆலங்காயத்திலிருந்து ஒருவர் கப்பலேறியிருப்பின் அவருடைய மாவட்டம் சேலம். திருப்பத்தூர் வட்டம் 1911இல் வடஆற்காட்டுடன் சேர்க்கப்பட்டது. 1989இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டது. பின்னர் வேலூர் எனப் பெயர் பெற்ற பகுதியிலிருந்து 2019இல் திருப்பத்தூர் மாவட்டம் உருவாயிற்று. உழவூரை எண்ணி வரும் கொள்ளுப்பேரன், வாணியம்பாடி, ஆம்பூர்த் தோல் பதனிடும் ஆலைகளையும் காலணித் தொழிற்சாலைகளையும் சார்ந்து வாழும் வட்டாரத்தையே காண்பான்.

பெயர்

தமிழகத்தில் தந்தை பெயர் முன்னெழுத்தாகி அடுத்த தலைமுறையில் மறைகிறது. நேட்டாலில் முனுசாமி, பெருமாள் போன்ற மூதாதையர் பெயர்கள் நிலையான குடும்பப் பெயர்களாயின. தாயகம் மறக்கும் கொள்ளுப்பாட்டனின் பெயரை அயலகம் சுமக்கிறது. சாதிப் பட்டங்களின் நிலையும் இதுவே. 1929 செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாடு அவற்றைக் கைவிடுமாறு தீர்மானித்தது. தமிழகத்தில் அவை பெரிதும் வழக்கொழிந்தன. நேட்டாலில் பிள்ளை, முதலியார் முதலியன ‘பிள்ளே’, ‘மூட்லி’ எனத் திரிந்து நிலைத்தன. ஆகவே நிலைத்தது அனைத்தும் போற்றத்தக்க மரபு எனவும், மறைந்தது அனைத்தும் இழப்பு எனவும் கொள்ள இயலாது.

மொழியும் சடங்கும்

மொழியைப் பொறுத்தவரை இழப்பு உண்மையானது. இளந்தலைமுறையினரின் வீட்டுமொழி ஆங்கிலமே. தென்னாப்பிரிக்காவின் 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பு, மேம்படுத்தி மதிக்கப்பட வேண்டிய மொழிகளுள் தமிழையும் குறிப்பிடுகிறது. ஆனால் சட்டத்தில் இடம்பெறுவது வீட்டுப் பேச்சை மீட்டுவிடாது. அதேவேளை மாரியம்மனுக்குக் கூழ் வார்த்தலும் தீமிதியும் தைப்பூசக் காவடியும் தொடர்கின்றன. மொழி பிரிந்தபின் சடங்கே அடையாளத்தைத் தாங்குகிறது. பொருள் விளங்காத மந்திரமும் பாட்டும் உறவினர் கூடுவதற்கான காரணமாகின்றன.

முடிவுரை

மரபு இரு கரைகளிலும் மாறியுள்ளது. மாறிய திசைகளே வேறு. வழித்தோன்றல்களைத் தாயகத்தின் குறைப்பிரதிகளாக அளக்கும் ஆய்வு, தாயகத்தின் மாற்றத்தைக் காணத் தவறுகிறது. எது நிலைத்தது என்பதோடு, யாரால், எந்தத் தேவைக்காக நிலைத்தது என்பதையும் வினவுவதே ஆய்வுக்கு உகந்தது. நேட்டால் குடும்பப் பெயரை நிலைநிறுத்தியதில் குடியேற்ற அரசின் எழுத்தருக்கும் பங்குண்டு. கூழ்ப்பானையைக் காத்ததோ மக்களின் விருப்பம். இவ்விரண்டையும் ‘பாரம்பரியம்’ என்னும் ஒரே சொல்லால் குறிப்பது பொருந்தாது.