கூதிர்காலமும் மலைப்பாதையும்: மலையக இலக்கியம் பற்றிய ஒரு நோக்கு

‘இலையுதிர் காலம்’ என்னும் தொடர் இக்காலத் தமிழ்க் கவிதையிலும் பயணக் கட்டுரையிலும் தாராளமாகப் பயின்று வருகின்றது. ஆயினும், தமிழ் மரபு வகுத்த ஆறு பெரும்பொழுதுகளுள் அப்பெயரில் ஒன்று இல்லை. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் எனப்பட்டன. தொல்காப்பியர் அதனைக் குறிஞ்சிக்கு உரியதாக்கினார். மேலைநாட்டுக் கவிதை வழிவந்த பருவமொன்றை நம் மலைகளின்மீது ஏற்றிப் பாடுவது எத்துணைப் பொருந்தும் என்பது ஆராயற்பாலது.

பசறையைச் சூழ்ந்த மலைகளையே சான்றாகக் கொள்ளலாம். நமுனுகுலைச் சரிவுகளில் இக்காலம் வடகீழ்ப் பருவமழைக்கு உரியது. காடு பொன்னிறமாகி உதிர்வதில்லை. பாதையை மூடுவது மழையும் பனிமூட்டமுமே. இலை நிலத்தை மறைத்துக் கிடக்கும் இடம் கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையாகும். அவ்விலைகள் தாமாக உதிர்ந்தவை அல்ல, கத்தி பிடித்த கைகள் வெட்டி வீழ்த்தியவை. வழிச்செல்வோன் இயற்கை எனக் காண்பதிற் பெரும்பகுதி இங்கு உழைப்பின் விளைவாகும்.

சங்கக் குறிஞ்சிப் பாடல்களில் மலைவழி பெரிதும் அச்சத்தின் களமாகவே வருகின்றது. மழையிரவில் தலைவன் வரும் வழியின் கொடுமையை எண்ணித் தலைவியும் தோழியும் கலங்குகின்றனர். அருவியும் வேங்கையும் அழகுற வருணிக்கப்படினும், அவ்வழகு அங்கு வாழ்வோரின் கண்வழியே காட்டப்படுகின்றது. மலைவழியைப் பாடும் எவ்விலக்கியத்துக்கும் இதனை ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம்.

இவ்வளவுகோலுக்கு நின்று பிடிப்பது சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதி, சக்தீ பால ஐயா தமிழாக்கிய ‘தேயிலைத் தோட்டத்திலே’. விடியற்காலைத் தப்பொலியில் தொடங்கும் அக்கவிதை, தேயிலையின் அடியில் கல்லறையுமின்றிப் புதைந்தோரை நினைக்கின்றது. அதனைப் படித்தவன் தோட்டத்துப் பாதையிற் கால்வைக்கும்போது, காலடி மண்ணும் பேசத் தொடங்கும். கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ (1964) என்னும் நாவலோ தலைப்பிலேயே ஒரு விமர்சனத்தைத் தாங்கியுள்ளது. பச்சை குளிர்ச்சியாகத் தோன்றுவது தூரத்தில் நிற்பவனுக்கே என்பது அதன் குறிப்பு.

இன்று கண்டி ஹந்தானையில் தொடங்கி ஊவா வழியாக நுவரெலியா வரை, 22 கட்டங்களாக ஏறத்தாழ 300 கிலோமீற்றர் நீளும் ‘பெக்கோ’ நடைபாதை அமைக்கப்பட்டுள்ளது. தேயிலை ஏற்றிச் சென்ற பழைய தோட்டப் பாதைகள் பலவும் அதில் இணைந்துள்ளன. மகிழ்ச்சிக்காக நடப்பது குற்றமன்று. ஆனால், நடப்போர் எழுதும் குறிப்புகளில் லயமும் கொழுந்துக் கூடையும் வெறும் காட்சிப்பொருள்களாகச் சுருங்குமாயின், அதனை இலக்கியக் குறை எனக் கூறத் தயங்க வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்களைப் புதைத்ததும் இதே கூதிர்காலத்திலேயே. ஒருவனுக்கு அமைதி தரும் மழை, மற்றொருவனை உறங்கவிடாது விழித்திருக்கச் செய்கின்றது.

அவ்வாறெனின் மலையக எழுத்தாளன் அழகைப் பாடலாகாதோ எனச் சிலர் வினவுவர். அழகைத் துறக்குமாறு அவனிடம் கேட்பது, அவனைத் துன்பத்தின் சாட்சியாக மட்டுமே வைத்திருப்பதாகும். நமுனுகுலையின் பனிமூட்டத்தை ரசிக்கும் உரிமை முதற்கண் அதன் அடிவாரத்தில் பிறந்தவனுக்கே உண்டு. அவ்வழகையும் அவ்வச்சத்தையும் ஒருசேரத் தாங்கும் எழுத்து பசறையிலிருந்தும் எழவேண்டும். அதற்கு வேற்றுநாட்டுப் பருவப்பெயர் வேண்டியதில்லை. கூதிர் என்னும் சொல் தமிழில் ஏற்கனவே உண்டு.