முதல் முப்பது விநாடியில் முடிந்துவிடும் முற்றுகை

கிளாஷ் ஆஃப் கிளான்ஸில் தோற்றவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஜயன்ட்கள் மையத்துக்குப் போகாமல் சுவரில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டன. பழி படையின் மேல் விழுகிறது. அது தவறான தீர்ப்பு. ஹெல்சின்கியைச் சேர்ந்த சூப்பர்செல் 2012-இல் வெளியிட்ட இந்த ஆட்டத்தில், களத்தில் இறக்கிய வீரரை மறுபடி கையால் திருப்ப முடியாது. எதை, எங்கே, எந்த வரிசையில் இறக்குகிறோம், ஸ்பெல்லை எப்போது போடுகிறோம் போன்றவை மட்டும்தான் நம் வசம். தாக்குதல் நடக்கும் மூன்று நிமிடமும் படை தன் கணக்குப்படி நடக்கும். அந்தக் கணக்கு சுவரைப் பார்ப்பதற்கு முன்பே குறியை முடிவுசெய்துவிடுகிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால், பேஸ் எனப்படும் கிராமத்தைக் கட்டுவதையும் உடைப்பதையும் வேறு கண்ணோடு பார்க்க வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு வீரருக்கும் ஒரு விருப்பம் உண்டு. ஜயன்ட் பீரங்கி, ஆர்ச்சர் டவர் போன்ற பாதுகாப்புக் கட்டடங்களைத் தேடும். கோப்ளின் தங்கமும் எலிக்ஸிரும் இருக்கும் இடத்துக்கு ஓடும். பார்பேரியனுக்கும் ஆர்ச்சருக்கும் எந்தக் கட்டடமும் ஒன்றுதான். விருப்பம் எதுவானாலும் அடுத்த கேள்வி, அவற்றில் எது அருகில் என்பது. அருகில் என்பது நேர்கோட்டுத் தூரம்; நடக்கும் தூரமல்ல. நெய்வேலி நகரியத்தில் முதுகோடு முதுகாக நிற்கும் குவார்ட்டர்ஸ்களை நினைத்துக்கொள்ளுங்கள்: பின்வீடு காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம்தான், ஆனால் வாசல் வழியாகப் போக ஒரு தெருவையே சுற்ற வேண்டும். ஜயன்ட்டின் கண்ணுக்குப் பின்வீடுதான் பக்கத்து வீடு. குறி முடிவான பிறகே வழி தேடல் தொடங்கும். சுற்றுவழி கொஞ்சம்தான் கூடுதல் என்றால் சுற்றிப் போகும். ரொம்ப நீளமென்றால் எதிரே இருக்கும் சுவரையே இடிக்க ஆரம்பிக்கும். ஆர்ச்சர் மாதிரி தூரத்திலிருந்து எய்பவர்களுக்கு அந்த வேலையும் பல நேரம் இல்லை. குறி எட்டும் தூரத்தில் இருந்தால் வெளியே நின்றே சுவருக்கு மேலாக எய்வார்கள்.

ஆகவே நல்ல பேஸில் சுவரின் முதல் வேலை, கட்டடங்களுக்கு இடையே தூரத்தை உண்டாக்கி, வருகிற படையின் அடுத்த குறி எது என்பதைத் தீர்மானிப்பது. சுவரை அறை அறையாகப் பிரித்து, ஓர் அறையை உடைத்து ஒரு பீரங்கியை முடித்த ஜயன்ட்டுக்கு அடுத்த நெருங்கிய குறி மையத்தில் அமையாமல் பக்கவாட்டில் அமையுமாறு வைத்துவிட்டால், படை டவுன் ஹாலைத் தொடாமல் வெளிவட்டத்தையே சுற்றிச் சுற்றி அடி வாங்கும். தாக்குபவரின் பதில்தான் ஃபனல். நடுவில் போகவேண்டிய முக்கியப் படையை இறக்கும் முன்பே, இருபுறமும் ஓரக் கட்டடங்களைச் சில வீரர்களைக்கொண்டு அகற்றிவிடுவது. பக்கத்தில் எதுவும் மிச்சமில்லாதபோது மையமே அருகாமை ஆகிவிடும். ஹீலர்களைத் துணைக்கு அனுப்பி ஆர்ச்சர் குயீனை ஓரமாக நடக்கவிடும் உத்தியிலும் பாதி இதே நோக்கம்தான். ஒரு கிளான் வார் தாக்குதலை மதிப்பிட வேண்டுமானால் நான் பார்ப்பது இந்தத் தொடக்க முப்பது விநாடிகளை. முழு வெற்றிக்கான மூன்று நட்சத்திரம் வருமா வராதா என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

சுவரின் லெவலுக்கு மதிப்பே இல்லையா என்று கேட்பார்கள். உண்டு. மூன்று நிமிட ஆட்டத்தில் சுவர் பிடித்துவைக்கும் ஒவ்வொரு விநாடியும் மார்ட்டருக்கும் விஸார்ட் டவருக்கும் கூடுதல் அடி. ஆனால் படை முட்டவே முட்டாத இடத்தில் சுவரை எவ்வளவு உயர்த்தினாலும் அந்தத் தங்கம் வீண். தவிர, நான்கு எர்த்குவேக் ஸ்பெல் ஒரே இடத்தில் விழுந்தால் எந்த லெவல் சுவரும் சரியும். ஹாக் ரைடர் தாண்டிக் குதிக்கும், பலூன் மேலே பறக்கும், அவற்றுக்குச் சுவர் எதற்கு என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். அவற்றுக்குச் சுவர் ஒரு பொருட்டல்லதான். ஆனால் அவையும் அடுத்த குறியை அருகாமை பார்த்தே எடுக்கின்றன. அங்கே கட்டடங்களின் வரிசையே சுவரின் வேலையைச் செய்கிறது. இதனால் என் வாதம் விரிகிறதே ஒழிய உடைவதில்லை.

முன்கூட்டியே தெரிந்த கணக்குப்படி நகரும் பொம்மைகளை வைத்து ஆடுவது எப்படி விளையாட்டாகும் என்பது கடைசிக் கேள்வி. உண்மையான முற்றுகையோடு ஒப்பிட்டுப் பார்க்க, பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்த செஞ்சிக் கோட்டையை எடுத்துக்கொள்வோம். மூன்று குன்றுகளை மதிலால் இணைத்த அந்தக் கோட்டையை வீழ்த்த முகலாயத் தளபதி சுல்பிகார் கானுக்கு 1690 தொடங்கி 1698 வரை பிடித்தது. 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி அதே கோட்டையை ஓர் இரவில் பிடித்தார். வெளியே தோற்று உள்ளே ஓடிய படையைத் துரத்திப்போய், வாயிற்கதவை வெடிவைத்துத் தகர்த்து, இருட்டிலேயே குன்றேறினார்கள். எங்கே உடைப்பது என்பதை அங்கே தளபதி நேரில் நின்று சொல்ல முடிந்தது. இந்த ஆட்டத்தில் அந்த வசதி கிடையாது. பேஸில் வாயிற்கதவும் கிடையாது. வால் பிரேக்கர் எந்தச் சுவரில் போய் வெடிக்கும், வெடித்த ஓட்டை வழியாக யார் நுழைவார்கள், நுழைந்தவர் எதைப் பார்த்துத் திரும்புவார் என்று அத்தனையையும் இறக்குவதற்கு முன்பே மனத்தில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். எதிரே பேஸ் கட்டியவரும் அதே விதியைத் தெரிந்துகொண்டு, நம்மை ஏமாற்றவென்றே ஒரு கட்டடத்தை ஒரு கட்டம் தள்ளி வைத்திருப்பார். விதி இருவருக்கும் பொதுவாக இருப்பதால்தான் இதில் திறமைக்கு இடமிருக்கிறது. தோற்ற தாக்குதலின் ரீப்ளேயைப் பார்ப்பவர்கள் படை செத்த இடத்தையே திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். முதல் பீரங்கி விழுந்ததும் முன்னால் போன ஜயன்ட் எந்தப் பக்கம் திரும்பியது என்பதைப் பாருங்கள். அந்தப் பக்கத்தில் நாம் அகற்றாமல் விட்ட ஒரு கட்டடம் நின்றுகொண்டிருக்கும்.