துரை வேடத்தில் தேறியவர் யார்?

அந்நிய ஆட்சியாளனின் வேடத்தை, அந்த ஆட்சி நீங்கிய மண்ணின் கலைஞர்கள் எவ்வாறு வார்க்கிறார்கள் என்று அலசுவதற்குப் பிலிப்பைன்ஸ் நல்ல ஒப்பீட்டைத் தருகிறது. 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானிய ஆக்கிரமிப்பைக் களமாகக் கொண்டு மரியோ ஓ’ஹாரா இயக்கிய ‘தட்லோங் தாவோங் வலாங் தியோஸ்’ (1976) படத்தில், பாதி ஜப்பானியனான மசூகி என்னும் படை அதிகாரி நாயகியை வன்புணர்ந்த கொடியவனாக நுழைந்து, பின்னர் அவளுக்கே கணவனாகவும் ஆவதால், அவனை வெறுப்பதா மன்னிப்பதா என்ற சுமை பார்வையாளர்மீது விழுகிறது. அங்கே கேமரா அவனை நேருக்கு நேர் பார்க்கிறது.

1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு நிர்வாகம் கைமாறிய புதுச்சேரியிலோ துரை, அதாவது வெள்ளைக்கார அதிகாரி, ஒரு சாட்சியின் வழியாகவே அரங்கேறுகிறார். 1742 முதல் 1754 வரை கவர்னராக இருந்த துய்ப்ளெக்சைத் தமிழ் வாசகர் நெருங்கி அறிவது, இருமொழி அறிந்து வணிகத்துக்கும் அரசியலுக்கும் இடைநின்ற துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பால்தான். 1748-இல் ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டிருந்தபோது வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதையும், அதில் கவர்னரின் மனைவி காட்டிய முனைப்பையும் பதிவுசெய்தவரே அந்தத் துரையின் தயவை நம்பிப் பதவியில் இருந்தவர் என்பதால், அச்சாட்சியத்தில் மனக்கசப்பும் விசுவாசமும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. அந்நாட்குறிப்பின் காலத்தைப் புனைந்து ‘வானம் வசப்படும்’ நாவலுக்காக 1995-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற பிரபஞ்சன், பிள்ளையையும் கதைமாந்தராக்கிவிட்டதால், துரையைப் பார்ப்பவரையும் சேர்த்தே வாசகர் எடைபோட முடிகிறது.

ஆங் லீயின் ‘லைஃப் ஆஃப் பை’ (2012) படமும் இவ்வழியில்தான் ஆடுகிறது. ழெரார் தெபார்தியூ ஏற்ற பிரெஞ்சுச் சமையல்காரன் திரையில் தோன்றும் நேரம் மிகக் குறைவு. அவனுடைய கொடூரம் காட்சியாக விரியாமல், மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் புதுச்சேரிச் சிறுவன் பையின் வாய்மொழியாகவே வெளிப்படுவதால், அந்தப் பாத்திரத்தை முழுமையாக்குவது தெபார்தியூவைவிடப் பையாக நடித்த சுரஜ் சர்மாவின் குரலும் முகமுமே. எதிரே அமர்ந்து கேட்கும் இரு ஜப்பானிய விசாரணையாளர்கள் கொடியவரும் அல்லர், காதலரும் அல்லர். அவன் சொல்லும் புலி உள்ள கதை, சமையல்காரன் உள்ள கதை ஆகிய இரண்டையும் கேட்டபின் முன்னதை அறிக்கையில் சேர்க்கும் நடுவர்களாகவே அவர்கள் நிற்கிறார்கள்.

மூன்றையும் தராசில் இட்டால், துணிச்சலில் மசூகியும் சிக்கனத்தில் சமையல்காரனும் தேறுகிறார்கள். எனினும் ஆண்டவனையும் அவனை அண்டி வாழ்ந்தவனையும் ஒரே களத்தில் நிறுத்திய வகையில் முதலிடம் பிரபஞ்சனின் துய்ப்ளெக்சுக்கே உரியது. 1870-இல் நிறுவப்பட்ட துய்ப்ளெக்ஸ் சிலை இன்று கடற்கரைச் சாலையின் தென்கோடியில் நிற்கிறது. அதைக் கடந்து செல்வோர் அந்த நாவலையும் ஒருமுறை படிப்பது நலம்.